கெய்ரோவுக்குப் போன முப்பது விடைகள்

சென்ற வாரம் நம் பள்ளிக் குழுவில் ஒரு காணொளி வந்தது. அனுப்பியது யார் என்று சொல்லப் போவதில்லை, அவளுக்கே தெரியும். நாம் சிறுபிள்ளைகளாக இருந்தபோது ரமலான் மாதம் முழுக்க எகிப்துக்காரர்கள் ஒளிபரப்பிய ஆட்டமும் பாட்டும் விடுகதையும் கலந்த நிகழ்ச்சியின் ஒரு துண்டு. பத்து நிமிடத்துக்குள் நாற்பது இதயம், இருபது அழுகை முகம். 'சத்வா மாதிரி வருமா', 'அப்ப எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தோம்'. ஒருத்தி என்னைக் குறிப்பிட்டு, 'உனக்குத்தான் இது ரொம்பப் பிடிக்குமே, ஏன் சத்தமே காணோம்?' என்று வேறு கேட்டிருந்தாள்.

சத்தம் இதோ. நாம் ஒரே குடும்பமாக இருக்கவில்லை. ஒருவர் வீட்டுக் குப்பையை இன்னொருவர் கிளறிப் பார்க்கும் கூட்டமாக இருந்தோம். இப்போது முட்டி வலிக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை விழுங்குகிற வயதில் அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொள்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நிகழ்ச்சியைப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டீர்கள். அதனால் அந்த ஒரு கோடைக்காலத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு என்னைக் குழுவை விட்டு எடுத்தாலும் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

துபாய் சத்வாவில் தையற்கடைகளுக்குப் பின்னால் இருந்த எங்கள் கட்டடம் உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் முதல் மாடி. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஜன்னலில் உறுமிக்கொண்டே இருக்கும் ஏசி. அதன் தண்ணீர் கீழே நிறுத்தியிருக்கும் சைக்கிள் சீட்டில் நாள் முழுக்கச் சொட்டும். ஜன்னலைத் திறந்தால் இஸ்திரிப் பெட்டி ஆவியும் கஞ்சி போட்ட துணியின் வாசமும் முகத்தில் அடிக்கும். கூடத்தில் ஒரு டிவி. அதை மேசை மேல் வைக்காமல், இழுத்து மூடும் கதவும் பூட்டும் உள்ள மரப்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அந்தச் சாவியை நான் இன்றும் வெறுக்கிறேன்.

வாப்பா ஒரு அரபியின் துணிக் கம்பெனியில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அந்த இருபது வருடத்தில் அவர் சேர்த்த அரபி நாற்பது வார்த்தை தேறும். யல்லா, கலாஸ், மாஃபி, மீட்டர், கலர், நாளைக்கு வா. நம் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் அந்த நாற்பதுதான். குர்ஆனைத் தடங்கல் இல்லாமல் ஓதுவார்கள். எழுத்து அத்தனையும் கண்ணுக்குத் தெரியும், பொருள் ஒன்றும் காதில் ஏறாது. அதே வாயால் மிஸ்ரிகளை ஏசுவார்கள். மிஸ்ரி என்றால் எகிப்துக்காரன். ஆபீஸ்களில் உட்கார்ந்துகொண்டு நம் காகிதத்தைத் திருப்பி எறிகிறவன் மிஸ்ரி, பள்ளியில் பிரம்பைத் தூக்குகிறவன் மிஸ்ரி, வாய் திறந்து சிரிக்கிற பெண் என்றால் அவள் கட்டாயம் மிஸ்ரி. ஆனால் மிஸ்ரிப் படக் கேசட்டுகள் மட்டும் ரூம் ரூமாகக் கைமாறிக்கொண்டே இருக்கும். ஆட்டக்காரியின் இடுப்பைப் பார்க்க அரபி தெரிய வேண்டியதில்லை அல்லவா.

எங்களுக்கு நேர் மேல்மாடியில் ஒரு மிஸ்ரி டீச்சர் இருந்தார். அரசாங்கப் பெண்கள் பள்ளியில் வேலை, கணவர் சவூதியில். பருத்த உடம்பு, மருதாணிச் சிவப்பில் தலைமுடி, மூன்று மாடிக்கும் கேட்கும் குரல். கால்பந்து என்றால் அவருக்குப் பைத்தியம். கெய்ரோவில் சிவப்புச் சட்டை அணி ஒன்று, வெள்ளைச் சட்டை அணி ஒன்று. இவர் சிவப்பு. ஆட்டம் இருக்கிற நாளில் ரேடியோவை ஃபிரிட்ஜ் மேல் வைத்து, அதன் எதிரே இடுப்பில் கை வைத்து நிற்பார். கோல் தவறினால் செருப்பைக் கழற்றி ரேடியோவை நோக்கி எறிவார். கோல் விழுந்தால் அதே ரேடியோவை இறக்கி முத்தம் கொடுப்பார். உம்மா தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அப்படி அவர் சிரித்து நான் வேறு எந்த வீட்டிலும் பார்த்ததில்லை, எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான்.

உம்மா கல்யாணமாகி ஒன்பது வருடம் ஊரில் கடிதத்தோடு குடித்தனம் நடத்திவிட்டுப் பிறகுதான் துபாய் வந்தவர். கடையில் பேசியும் வாப்பாவுக்கு வராத அரபி, வீட்டுக்குள் அடைந்து கிடந்த உம்மாவுக்கு வந்தது. எழுத்து ஏற்கெனவே தெரியும். பொருளை டீச்சரும் டீச்சர் வீட்டு டிவியும் சொல்லிக்கொடுத்தார்கள். மிஸ்ரி நாடகங்களில் மாமியார் மருமகள் சண்டை, ஜாடைப் பேச்சு, நெஞ்சில் அடித்துக்கொண்டு 'யா லஹ்வி' என்று அலறுவது எல்லாம் ஒரே வருடத்தில் அவர் நாக்கில் ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் 'யா லஹ்வி'தான். எனக்குச் சிரிப்பாக இருக்கும். வாப்பாவுக்கு அது காதில் விழுந்ததே இல்லை. அவர் வீட்டில் இருக்கும்போது உம்மா அரபியும் பேசமாட்டார், அதிகம் தமிழும் பேசமாட்டார்.

நோன்புக்குப் பத்து நாள் முன்னால் வாப்பாவின் கஃபீல், கடைக்குச் சொந்தக்காரரான அந்த அரபி, பேரீச்சம்பழப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். வாப்பா வேர்த்து விறுவிறுத்து, "அர்பாப், அர்பாப்" என்று முதலாளியை அழைத்தபடி நாற்காலியைத் துடைத்தார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. அரபி ஏதோ நலம் விசாரித்தார். வாப்பா, "அனா குல்லு மாலூம், அர்பாப்" என்றார். எனக்கு எல்லாம் தெரியும் என்று பொருள். எதற்குமே அவருடைய பதில் அதுதான். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "நவ்வர்த்தில் பேத்!" நீங்கள் வந்து வீடே வெளிச்சமாகிவிட்டது என்று மிஸ்ரிகள் விருந்தாளிக்குச் சொல்வது. அதோடு நிறுத்தவில்லை, பிள்ளைகள் நலமா, முதுகுவலி எப்படி என்று நாடகத்துச் சீமாட்டி போல ஏற்ற இறக்கத்தோடு கேட்டுவிட்டார்.

அரபி தலைத்துணி நழுவச் சிரித்தார். "இந்த வீட்டுக்குள் ஒரு மிஸ்ரியை ஒளித்து வைத்திருக்கிறாயா? இருபது வருடம் என்னிடம் இருக்கிறாய், நீ இன்னும் குல்லு மாலூமைத் தாண்டவில்லை. இவளைக் கடையில் உட்கார வை" என்றார். பள்ளியில் படித்த அரபியால் எனக்கே அது புரிந்தது. வாப்பாவும் சிரித்தார். புரிந்து சிரித்தாரா, முதலாளி சிரித்ததால் சிரித்தாரா, தெரியாது. கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் திரையை விலக்கினார்.

"எங்கெருந்து படிச்சே இந்தக் கூத்தாடி பாஷைய?"

"டீச்சர் ஊட்டு டிவியிலங்க."

"எனக்குச் சோறு போடுறவன் முன்னால என்னைக் கோமாளியாக்கிட்டியே."

"நலந்தானேங்க விசாரிச்சேன்."

"நீ விசாரிக்கத்தான் நான் இங்க இருக்குறேனா?"

அன்று டிவிப் பெட்டி பூட்டப்பட்டது. சாவி அவர் சட்டைப் பைக்குள் போனது. மேல்மாடிக்குப் போகக் கூடாது என்றும் உத்தரவு. உத்தரவு போட்டவர் பகல் முழுக்கக் கடையில் இருப்பார் என்பதை அவரே மறந்துவிட்டார்.

நோன்பு வந்தது. வாப்பா கடை ஆட்களோடு அங்கேயே நோன்பு திறப்பார். உம்மாவும் நானும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, கஞ்சியை நாலு மடக்குக் குடித்து, மஃரிப் தொழுதுவிட்டு, ஈரக்கையோடு மாடி ஏறி ஓடுவோம். டீச்சர் கதவைத் திறந்தே வைத்திருப்பார். டிவியில் இசை தொடங்கியிருக்கும். முப்பது நாளும் முப்பது உடுப்பில் ஒரு ஆட்டக்காரி. அவளோடு வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பாடகன். அன்றைய விடுகதையை இருவரும் பாடி ஆடி முடித்ததும், அந்தப் பாடகன் ஒரு விரலைத் திரைக்கு வெளியே நீட்டி, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்பான். எனக்கு அப்போது பதினோரு வயது. அவன் என்னைத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். உங்களில் ஒருத்தி கிரிக்கெட்காரன் படத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

முப்பது விடையையும் சேர்த்து வைத்து, பெருநாள் கழிந்து ஒரே கடிதத்தில் கெய்ரோ டிவி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அதுதான் போட்டி. டீச்சர் ஒவ்வொரு வருடமும் அனுப்பி, ஒவ்வொரு வருடமும் ஐந்தாறு விடைகளில் கோட்டை விட்டவர். அந்த வருடம் உம்மா உட்கார்ந்தார். 'கடல் பெற்ற மகள், தாய் வீட்டுக்குத் திரும்பினால் காணாமல் போவாள்' என்று ஒரு நாள் பாடினார்கள். டீச்சர் மீன் என்றார், முத்து என்றார், நுரை என்றார். உப்பளத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்த உம்மா பாட்டு முடிவதற்குள், "உப்பு" என்றார். டீச்சர் தொடையில் தட்டி உம்மாவின் கன்னத்தைக் கிள்ளினார். அதன் பிறகு விடை சொல்வது உம்மா, நோட்டில் எழுதுவது டீச்சர் என்று ஆகிவிட்டது.

"பரிசு வந்தா என்ன உம்மா வாங்குவீங்க?" என்று கேட்டேன்.

"பரிசு யாருக்குடி வேணும்? எல்லாத்துக்கும் சரியா எழுதுனவங்க பேரை டிவியில வாசிப்பாங்களாம். என் பேரை ஒருத்தர் வாசிக்கணும்."

"அதுக்கா?"

"இந்த ஊர்ல என் பேரை யாருடி கூப்புடுறா? ஒன் உம்மா, கடைக்காரர் பொஞ்சாதி. என் பேரே எனக்கு மறந்துபோவுது."

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் கடிதம் எழுதினார்கள். டீச்சர் கோடை விடுமுறைக்கு ஊர் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கூடம் முழுக்கப் பெட்டியும் கயிறும். முப்பது விடையும் எழுதி முடிந்ததும் உம்மா பேனாவை வாங்கித் தன் பெயரை அரபி எழுத்தில் தானே எழுதினார். நிதானமாக, புள்ளிகளை எல்லாம் கடைசியில் வைத்தார். பிறகு அடுப்பில் கறி இருக்கிறது என்று கீழே ஓடிவிட்டார்.

நான் டீச்சரின் அங்கி நுனியைப் பிடித்து இழுத்தேன். பாடப்புத்தக அரபியில், அந்தப் பாடகனின் படம் ஒன்று வேண்டும் என்று எழுதச் சொன்னேன். டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். கடிதத்தின் கீழ் மூலையில் இரண்டு வரி எழுதி, என் பெயரையும் எழுதினார். அடுத்து முகவரி. அவருடைய பள்ளி மூடிவிடும், கோடையில் தபால் பெட்டியைத் திறக்க ஆள் இருக்காது, உங்கள் பெட்டி எண் என்ன என்று கேட்டார். நான் ஒரே மூச்சில் சொன்னேன். நம் எல்லோருக்கும் அது மனப்பாடம். அங்கே வீட்டுக்குத் தபால்காரர் வந்ததில்லை. தெருப் பெயர், கதவு எண் ஒன்றும் கிடையாது. வாப்பா வேலை பார்க்கிற கம்பெனியின் தபால் பெட்டி எண்தான் நம் வீட்டு முகவரி. பள்ளிப் படிவத்தில் அதை எத்தனை தடவை எழுதியிருப்போம்.

அந்தப் பெட்டியில் விழுகிற உறை எல்லாவற்றையும் முதலில் கம்பெனி ஆபீஸில்தான் பிரிப்பார்கள் என்பது பதினோரு வயதுக்குத் தெரியவில்லை. உம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நான் உம்மாவிடம் சொல்லவில்லை. எண்ணைச் சொன்னதைச் சொன்னால் படத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

டீச்சர் ஊருக்குப் போய்விட்டார். ஆறு வாரம் போயிருக்கும், வெயில் கதவுப் பிடியைத் தொடவிடாத மாதம். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு வாப்பா வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்துக்கு அவர் வந்ததே இல்லை. ஷூவைக் கழற்றாமல் கூடத்துக்குள் நடந்து வந்து உட்கார்ந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தார். பிரித்த உறை. மேலே உம்மாவின் பெயர், அரபியிலும் இங்கிலீஷிலும். உள்ளே ஒரு அச்சடித்த அட்டை, ஒரு படம். படத்தை மட்டும் சாப்பாட்டுப் பாய் மேல் போட்டார். வெள்ளைக் கோட்டுக்காரன் தாடையில் கை வைத்துச் சிரித்தான்.

"ஆபீஸ் கிளார்க்கு பிரிச்சிருக்கான். பத்து பேரு கையில சுத்திட்டு என் கைக்கு வருது. ஒன் பேருல ஒரு ஆம்பள போட்டோ. ஹிந்திக்காரனுவ எல்லாம் பாய் பாய்னு கூப்புட்டுச் சிரிக்கிறானுவ."

உம்மா கரண்டியோடு நின்றார். நான் ஃபிரிட்ஜை ஒட்டி நின்றேன்.

"யாரு கேட்டது இந்தப் போட்டோவ?"

உம்மா படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

வாப்பா இரண்டாம் தடவை கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லணும். யாரு கேட்டது?" இந்தத் தடவை அவர் கண் என் பக்கம் திரும்பியது. தண்ணீருக்குப் பார்க்கிறார் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஃபிரிட்ஜைத் திறந்து, பாட்டிலை எடுத்து, டம்ளரில் ஊற்றி, அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கினார், குடிக்கவில்லை.

"நாந்தான் கேட்டேன்" என்றார் உம்மா.

"நீயா?"

"நாந்தாங்க. சும்மா வெளாட்டுக்கு."

வாப்பா படத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். அட்டையையும் கிழித்தார். அதில் என்ன அச்சடித்திருந்தது என்று படித்துப் பார்க்க உம்மாவுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. துண்டுகளைத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார், குப்பையில்கூடப் போடவில்லை. கையில் இருந்த டம்ளரைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தார்.

"விசாவ கேன்சல் பண்றேன். ஊர்ல போயி இரு."

உம்மா அழவில்லை, கெஞ்சவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "புள்ள இங்கயே படிக்கட்டும்." வாப்பா தலையசைத்தார். பின் சந்தில் இருந்த மாமி, வாப்பாவின் தங்கை, என்னைப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்தது. அந்த மூன்று வாரமும் நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒவ்வொரு நாளும் காலையில் சொல்லிவிடலாம் என்று எழுவேன். சொன்னால் என்னையும் பள்ளியிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் வரும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஊருக்குப் போகப் பிடிக்கவில்லை. எனக்கு ஏசி வேண்டும், பள்ளி பஸ் வேண்டும், நீங்கள் எல்லாம் வேண்டும். உங்களுக்காகவா என்று இப்போது நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

விமான நிலையத்தில் வாப்பா டிராலி எடுக்கப் போன நேரம் உம்மா என் பின்னலை இறுக்கிக் கட்டினார். "யாரு கேட்டாலும் உம்மாதான் கேட்டான்னு சொல்லு. மாத்தி ஒரு சொல்லு ஒன் வாயிலேருந்து வரக் கூடாது" என்றார். தலையாட்டினேன். நிம்மதியாக இருந்தது. நம்புங்கள், அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

பள்ளி திறந்தது. இனி உங்கள் முறை. நான் வகுப்புக்குள் நுழைந்தால் அந்த நிகழ்ச்சியின் இசையை மூக்கால் இழுத்தது யார்? "ஒங்க உம்மாவுக்கு ஆக்டர் லெட்டர் போட்டாராமே" என்று பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கக் கேட்டது யார்? உங்கள் உம்மாமார் மாமி வீட்டுக்கு வந்து, சமூசாவைக் கடித்துக்கொண்டே, "மிஸ்ரி சகவாசம் அப்புடித்தான்" என்று என் காதுபடப் பேசினார்கள். அதே வாரம் அதே உம்மாமார் மிஸ்ரி நாடகக் கேசட்டுக்குச் சண்டை போட்டார்கள். நீங்கள் கேட்டபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "ஆமா, போட்டாரு" என்றேன். உங்களைவிட நான் ஒன்றும் உசத்தி இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டீச்சர் திரும்பி வந்து என்னை மாடிப்படியில் பிடித்தார். மூச்சு வாங்க, இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வாசித்தார்கள்! உன் அம்மா பெயரை வாசித்தார்கள்! என் அக்கா வீட்டில் உட்கார்ந்து கேட்டேன், வீடே கைதட்டியது. உன் அம்மாவைக் கூப்பிடு" என்றார். நான், உடம்பு சரியில்லை, ஊருக்குப் போய்விட்டார்கள் என்றேன். "எப்போது வருவாள்?" என்றார். சீக்கிரம் என்றேன். அடுத்த வருடம் அவர் வேறு ஊர்ப் பள்ளிக்கு மாறிப் போகும்வரை பார்க்கும்போதெல்லாம் கேட்டார், நானும் சீக்கிரம் என்றே சொன்னேன். படம் வந்ததா என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். இல்லை என்றேன்.

உம்மாவுக்குப் பெயர் வாசித்த செய்தியைக் கடிதத்தில் எழுத முடியாது, எல்லாக் கடிதத்தையும் வாப்பா படித்துவிட்டுத்தான் ஒட்டுவார். நாலு வருடம் கழித்து லீவில் ஊருக்குப் போனபோது நேரில் சொன்னேன். உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"சரியாச் சொன்னாளாமா என் பேரை?"

"சரியாச் சொன்னாங்களாம் உம்மா."

அது எனக்குத் தெரியாது. டீச்சர் அதைச் சொல்லவில்லை. உம்மா மறுபடி புடைக்கத் தொடங்கினார். படத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. வாப்பா இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். ஊரில் உம்மாவுக்கு ஆக்டர் கடுதாசி என்றே பெயர் ஆகிவிட்டது. கல்யாண வீட்டில் இரண்டு பெண்கள் குனிந்து பேசினால் அது உம்மாவைப் பற்றித்தான். நான் இங்கே பள்ளி முடித்தேன், கல்லூரி முடித்தேன், வேலைக்குப் போனேன். அரபி நன்றாக வருகிறது என்று ஆபீஸில் பாராட்டுகிறார்கள்.

உம்மா சென்ற வருடம் போய்விட்டார். எண்பதைத் தாண்டிய வாப்பாவை ஊரில் பார்க்க ஆள் இல்லை, ஷார்ஜாவில் என் பிளாட்டில் இருக்கிறார். போன மாதம் ஒரு சாயங்காலம் ஊர்க்காரர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். டீ குடித்துக்கொண்டே வாப்பா அவரிடம், "அவ செஞ்சத எல்லாம் நான் மன்னிச்சுட்டேன். அல்லாஹ்வும் மன்னிக்கட்டும்" என்றார். நான் பிஸ்கட் தட்டோடு நின்றேன். வந்தவர் போகும்வரை பொறுத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தேன்.

"வாப்பா, அந்தப் போட்டோவக் கேட்டது நான்."

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. போட்டோவுக்குப் பின்னால ஒம்பேருல்ல எழுதிருந்துச்சு. எனக்கு அரபி அர்த்தந்தான் தெரியாது. எழுத்துமா தெரியாது? கிளார்க்குக்கு எழுத்து தெரியாது. உறையில அவ பேரு. எல்லாரும் அவதான்னு நெனச்சானுவ."

"தெரிஞ்சுமா அனுப்புனீங்க?"

"பத்து பேரு பாத்துட்டான். யாரையாச்சும் கண்டிச்சுக் காட்டணும். பொண்டாட்டியன்னா ஊருக்கு அனுப்பலாம். சமையப்போற புள்ள பேரு கெட்டா என்ன செய்யுறது?"

"சின்னப் புள்ள ஆசப்பட்டுக் கேட்டுச்சுன்னு சிரிச்சிருக்கலாமே. ஒங்களுக்கு அவங்க அரபி பேசுனது ஆவல. அர்பாப் சிரிச்சது ஆவல. அதுக்குத்தான் அனுப்புனீங்க."

அவர் மறுக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். அவரைத் திட்டுவதற்கு நாற்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் என் தொண்டைக்கு வந்துவிட்டன. அப்போது அவர் தலையை நிமிர்த்தினார்.

"ரெண்டாந் தடவ நான் ஒன்னையப் பாத்துத்தான் கேட்டேன்" என்றார். "நீ சொல்லுவேன்னு அவளும் நின்னா, நானும் இருந்தேன். சொல்லிருந்தா அடிச்சிருப்பேன், அதோட போயிருக்கும். நீ தண்ணி ஊத்திக் கொடுத்தே."

அவர் சொல்வதில் பாதி பொய்யாக இருக்கலாம். அடித்ததோடு விட்டிருப்பாரா என்று யாருக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் பொய் இல்லை. அந்தக் கூடத்தில் மூன்று பேர் இருந்தோம், மூன்று பேருக்கும் உண்மை தெரியும். ஒருத்தியை விமானத்தில் ஏற்றிவிட்டு மற்ற இரண்டு பேரும் இங்கேயே இருந்துகொண்டோம். இன்றைக்கும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.